நைலான் குழாய் போட்ட தேசப்பன்

பசியாவரத்துத் தேசப்பனுக்கு எது வந்தாலும் அதை நாலு பேருக்குக் காட்டியாக வேண்டும். வலையில் ஒற்றைக் கொடுக்கு நண்டு அகப்பட்டாலும் சரி, முதுகில் கட்டி புறப்பட்டாலும் சரி, காட்டாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில், எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில், வயிறு தானாகத் துடிக்க ஆரம்பித்தால் என்ன செய்வார்? வைத்தியரிடமா போவார்? படகேறி ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்குப் போய், ஷாகுல் ஹமீது பாயின் டீக்கடை பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைப்பார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். தீப்பெட்டி டக், டக் என்று தானாகக் குதிக்கும். பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். “எறா தின்னு தின்னு, அதுங்க உள்ளயே குடித்தனம் வந்துருச்சிபா” என்று தேசப்பன் கண்ணடிப்பார். அடுத்த வாரமே எளாவூர்ப் பக்கத்திலிருந்து மீன் எடுக்க வருகிற வியாபாரிகள்கூட ‘அந்த வயிற்றுக்காரர் வந்தாரா?’ என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. நாளுக்கு ஆறு சுருட்டு புகைத்தவர் அந்த உற்சாகத்தில் எட்டாக்கினார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் மரியம்மா ஒருநாள் டீ குடிக்க வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பார்த்தாள். தீப்பெட்டி ஆறாவது தடவை குதிப்பதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் வந்து, வயிற்றின் மேல் நாலு விரலை வைத்தும் வைக்காமலும் தொட்டாள்.

“இன்னா நர்சம்மா, மீனு துள்ளுதா?”

“பெரியவரே, மெதுவா எழுந்து குந்துங்க. இது மீனுமில்ல, எறாவுமில்ல. நெஞ்சுலேர்ந்து எறங்கி வர்ற பெரிய ரத்தக் குழாய். பழைய சைக்கிள் டியூபு ஒரு எடத்துல மட்டும் பொடச்சிக்கினு நிக்குமே, அப்டி நிக்குது. இது வெடிச்சா பொன்னேரி போய்ச் சேர மாட்டீங்க.”

பெஞ்சைச் சுற்றியிருந்த கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. ஷாகுல் ஹமீது பாய் தேசப்பன் வயிற்றிலிருந்த தீப்பெட்டியை முட்டையை எடுப்பதுபோல் எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தேசப்பனுக்குக் கோபம் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கூத்தை இந்த அம்மாள் கெடுத்துவிட்டாளே!

ஆனால் அவர் மனைவி இருசம்மாள் கூத்துப் பார்க்கிற ஜாதி இல்லை. மரியம்மா சொன்னது அவள் காதுக்குப் போன மறுநாள் காலையில் மூட்டை கட்டிவிட்டாள். ஒரு போர்வை, ஒரு சொம்பு, ஊறுகாய், தாலி கட்டியவர். இந்த நாலையும் ஏற்றிக்கொண்டு படகு, பஸ், பொன்னேரியிலிருந்து ரயில் என்று மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே பெரிய டாக்டர் நரைத்த மீசைக்காரர். பேசும்போது பாதிப் பேச்சு சிரிப்பிலேயே போகும். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றைத் திறந்து, புடைத்துப்போன குழாய்க்குப் பதிலாகத் துணிக்குழாய் ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும் என்றார். மேலே ஒன்றாக இருந்து கீழே இரண்டு காலுக்கும் இரண்டாகப் பிரிகிற குழாய். அதில் ஒரு துண்டைத் தேசப்பன் கையில் கொடுத்தார். தேசப்பன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பெருவிரலால் நெருடினார், இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாக வலை பின்னிய கை அது.

“வலைக் கண்ணு சோக்கா கீது. எறாக் குஞ்சுகூடப் போவாது. நைலானா சார்?”

“நைலானுக்கு அண்ணன் தம்பின்னு வெச்சுக்குங்க.”

“இன்னா முடிச்சு போடுவீங்க? நைலான் வழுக்கும் சார். ஒரு சுத்து சேர்த்துப் போடணும்.”

டாக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். “நாங்க நாலஞ்சு சுத்து போடுவோம், பெரியவரே” என்றார். தேசப்பனுக்கு அந்த ஆள் மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். தொழில் தெரிந்த ஆளிடம் உடம்பைக் கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை வேறு இடத்தில் இருந்தது. ஊரில் பாடு இருந்தது.

பாடு என்றால் முறை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடை உண்டு. நீர் வடியும்போது மீனும் இறாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். குறுக்கே கழி ஊன்றிக் கட்டு வலை போட்டால் ஒருமுறை நீர் வடிவதற்குள் படகு நிறையும். எல்லாரும் ஒரே நாளில் போட முடியாது; அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி வரிசை எடுப்பார்கள். இருபது நாளுக்கு ஒருதரம் ஒருவனுக்கு முறை வரும். அன்றைக்கு முறைக்காரன் தானே தண்ணீரில் இறங்கி முதல் கழியை ஊன்ற வேண்டும். மற்ற வேலையை அவன் ஆட்கள் செய்துகொள்ளலாம். நீர் வடியத் தொடங்கும்போது அவன் வராவிட்டால், வரிசையில் அடுத்தவன் அந்த இடத்தில் இறக்கிக்கொள்ளலாம். போனது போனதுதான். அந்தக் குலுக்கலில் தேசப்பனுக்கு அடுத்த சீட்டு பச்சைமுத்துவுக்கு விழுந்திருந்தது.

பச்சைமுத்து பேச்சு குறைந்த ஆள். சிரிப்பு அதைவிடக் குறைச்சல். டீக்கடையில் தீப்பெட்டி குதித்தபோதுகூட, “இதுக்கா வேலை கெட்டு வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்துப் போனவர். ஊரே கை தட்டும்போது ஒருவன் மட்டும் தட்டாமல் இருந்தால் கூத்தாடிக்கு அவன்மேல்தானே கண் போகும்? தேசப்பனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. இருசம்மாள் வராண்டாவில் உட்கார்ந்து, தெரிந்த சாமி அத்தனையையும் கூப்பிட்டு, தெரியாத இரண்டு மூன்றையும் சேர்த்துக்கொண்டாள். தேசப்பன் பிழைத்தார். முதலில் மூச்சுக்குக் கஷ்டப்பட்டார், பிறகு வயிறு ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தது, அப்புறம் தையல் ஓரத்தில் சீழ் கோத்தது. எல்லாம் அடங்கி வீடு திரும்ப ஐம்பது நாள் பிடித்தது. அந்த ஐம்பது நாளில் இரண்டு பாடு போனது. இரண்டையும் பச்சைமுத்து இறக்கினார். இரண்டாவது தடவை இறால் அப்படிக் குவிந்ததாம். கூடை போதாமல் படகின் அடிப்பலகையிலேயே கொட்டிக்கொண்டு வந்தாராம்.

“நான் அங்க வயித்தக் கிழிச்சிக்கினு கெடக்கறேன், இவன் இங்க என் எடத்துல எறா வாரிக்கினு கீறான். மனுஷனாடா இவன்?” என்று தேசப்பன் பொருமினார்.

“மொற இன்னா சொல்லுதோ அத்தத்தான செஞ்சாரு. நீ இருந்தாலும் அத்தத்தான் செய்வே” என்றாள் இருசம்மாள்.

நியாயம்தான். ஆனால் நியாயம் பொருமலைத் தணித்ததாகச் சரித்திரம் இல்லை. இனி உயிர் போனாலும் ஒரு பாட்டையும் விடுவதில்லை என்று தேசப்பன் அன்றே கங்கணம் கட்டிக்கொண்டார்.

பொருமலுக்கு நடுவிலும் காட்டுவதற்குப் புதிதாக ஒன்று கிடைத்திருந்தது. மார்புக் குழியில் தொடங்கி, தொப்புளைச் சுற்றிக்கொண்டு, வேட்டிக்குள் போய் மறைகிற தழும்பு! ஷாகுல் ஹமீது பாயின் கடையில் மறுபடி கூட்டம் சேர்ந்தது. “கருவாட்டுக்கு வஞ்சிரத்தப் பொளக்கற மாதிரி பொளந்தாங்கபா. உப்புதான் தடவல” என்று சட்டையைத் தூக்குவார். உள்ளே நைலான் குழாய் இருக்கிறது என்ற செய்திக்குத் தழும்பைவிட அதிக மதிப்பு இருந்தது. சாகிற வரைக்கும் அந்தக் குழாய் அங்கேதான் இருக்குமா என்று கேட்பார்கள். “நான் செத்தாலும் அது சாவாது” என்பார் தேசப்பன்.

டாக்டர் சொல்லி அனுப்பியவை மூன்று. சுருட்டைத் தொடக்கூடாது. தினம் ஒரு மாத்திரை. நாலு மாதம் கழித்துச் சீட்டில் எழுதிய தேதியில் வந்து காட்ட வேண்டும். சுருட்டை அவர் மெய்யாகவே விட்டுவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவரை மெச்ச வேண்டும். மாத்திரையை ஒரு மாதம் விழுங்கினார். மூன்றாவதுதான் வம்பு. டாக்டர் எழுதிய தேதியும் பாடு வருகிற தேதியும் ஒரே நாளில் வந்து நின்றன.

தேசப்பன் ரொம்ப யோசிக்கவில்லை. அவர் வாலிபத்தில் எல்லாரும் நூல் வலைதான் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும், காயப்போட வேண்டும், பட்டைச் சாயத்தில் வேகவைக்க வேண்டும். ஒரு மழை நாளில் மறந்தால் இற்றுப்போகும். நைலான் வந்த பிறகு அந்தத் தொல்லையெல்லாம் ஒழிந்தது. ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டாலும் அடுத்த நாள் புதிது மாதிரி இருக்கும். ஏரிக்கரையில் எவனைக் கேட்டாலும் சொல்வான், நைலானைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லை என்று.

“உள்ள கீறது நைலான்மே. நூலா இன்னா, மாசாமாசம் எடுத்துப் பாக்கறதுக்கு? பத்து வருஷம் அசையாது” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அன்றைக்குக் கழியை ஊன்றப் போனார். அடுத்த படகில் வந்து நின்ற பச்சைமுத்து, இவர் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த முதுகைப் பார்த்ததில் தேசப்பனுக்கு இருந்த சந்தோஷம் இறாலைப் பார்த்ததில்கூட இல்லை.

ஒன்றரை மாதம் போயிற்று. கோல் போட்டுப் படகைத் தள்ளும்போது வலது தொடை பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் நின்றால் விட்டுவிடும். மறுபடி நாற்பது அடி நடந்தால் பிடிக்கும். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் பாடு வந்த ஒரு நாளில், இடுப்பளவுத் தண்ணீரில் கழி ஊன்றிவிட்டுக் கரையேறினார். கூட வந்த ஆட்கள் அவர் காலைப் பார்த்து அலறினார்கள். வலது குதிகாலில் முழுசாக ஒரு கெளுத்தி மீன் தொங்கிக்கொண்டிருந்தது, முள் உள்ளே ஏறி.

கெளுத்தி முள் குத்தினால் என்ன ஆகும் என்று அந்த ஏரிக்கரையில் எல்லாருக்கும் தெரியும். மலைபோன்ற ஆளும் சுருண்டு விழுவான். ஒரு ராத்திரி தூக்கம் போகும். தேசப்பனோ நின்றுகொண்டு, “இன்னாடா கத்துறீங்க?” என்று கேட்டார். குனிந்து பார்த்தார். மீனைப் பிடித்து இழுத்தார். முள் ஒடிந்து கொஞ்சம் உள்ளே நின்றது. வலியே இல்லை!

வேறு யாராவது இருந்தால் பயந்திருப்பார்கள். இவர் நேராக டீக்கடைக்குப் போனார். கருவேல முள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பெஞ்சின்மேல் காலை நீட்டி, “குத்திப் பாருங்கபா, யார் வோணும்னாலும் குத்திப் பாருங்க” என்று அழைத்தார். குத்தினார்கள். தேசப்பன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். நைலான் குழாய் உடம்பு பூராவும் வேலை செய்கிறது, இனி அவருக்குக் கெளுத்தியும் இல்லை தேளும் இல்லை என்று ஊர் முடிவு கட்டியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் காலைக் காட்டிக் கெட்டார்.

வீட்டில் இருசம்மாள் கெளுத்திக் குத்துக்குச் செய்கிற வைத்தியத்தைச் செய்தாள். அகலத் தவலையில் சூடு பொறுக்குமளவு வெந்நீர். அவள் பொறுக்குமளவைக் கொஞ்சம் தாண்டிவிட்டாள் போலிருக்கிறது. தேசப்பன் இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே வைத்தார். வைத்த வேகத்தில் இடது காலை வெளியே பிடுங்கி, “அய்யோ, கொன்னுட்டியே!” என்று கத்தினார்.

வலது கால் தண்ணீரிலேயே இருந்தது.

இருசம்மாள் அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை யாரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவள் காலை எடுத்து மடியில் வைத்துத் துடைத்தாள். வெந்நீரில் இருந்த கால், துடைத்த சிறிது நேரத்தில் ஐஸ் பெட்டி மீன் மாதிரி சில்லிட்டுப் போனது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. இத்தனை நாள் சேற்றுக் கறை என்று இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள்.

“எழுந்திரு. நர்சம்மாகிட்ட போலாம்.”

“காலைல பாத்துக்கலாமே. இந்நேரத்துல...”

“யோவ், எழுந்திருன்னா எழுந்திரு! வயித்த ஆட வெச்சி காட்டின, கிழிச்சத காட்டின, கால்ல முள்ளு குத்தவுட்டு காட்டின. இனிமே காட்டறதுக்கு உன்கிட்ட இன்னா கீது? பொணமா காட்டப் போறியா?” இருசம்மாள் அழுதுகொண்டே திட்டினாள். முப்பது வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. தேசப்பன் படகில் ஏறினார்.

மரியம்மா கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்து நாடி தேடினாள். புறங்காலில் தேடினாள். முழங்காலுக்குப் பின்னால் தேடினாள். இடது காலில் எல்லா இடத்திலும் துடித்தது. வலது காலில் ஓரிடத்திலும் இல்லை. “செக்கப்புக்குப் போனீங்களா?” என்றாள். தேசப்பன் நைலான் கதையைச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, மீன் ஏற்றிப் போகிற லாரிக்காரரைக் கையில் காலில் விழாத குறையாகக் கேட்டு, அன்றைக்கே மெட்ராஸுக்கு ஏற்றிவிட்டாள்.

லாரியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து போகும்போது தேசப்பன் மெதுவாகச் சொன்னார்: “இருசு, பயமா கீதுமே.” அவ்வளவுதான் சொன்னார். அவள் அவருடைய சில்லிட்ட காலைப் புடவைத் தலைப்பால் மூடி, இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஒற்றைக் காலோடு ஏரியில் எப்படி நிற்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கழி ஊன்ற முடியாதவனுக்குப் பாடு கிடையாது. பாடு இல்லாதவன் அந்த ஊரில் கூலிக்கு மீன் பொறுக்கலாம்; வரிசையில் அவன் பெயர் வராது.

மீசைக்கார டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டு, பிறகு பொறுமையாகச் சொன்னார்: “நீங்க சொல்றது சரி. நைலான் இற்றுப்போகாது. என் தையலும் விடலை. ஆனா வலை கெடலைன்னாலும் அதுல பாசி அடைக்குமா அடைக்காதா?”

“அடைக்கும் சார்.”

“அடைச்சா?”

“தண்ணி போவாது.”

“வலது கால் குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. அது வந்தா முன்னாடியே கண்டுபிடிக்கத்தான் செக்கப். மாத்திரை, அது அடைக்காம இருக்க.” காலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. முதலில் ஒரு முயற்சி செய்து பார்ப்பதாகச் சொன்னார். ஏரிக்கரையில் முப்பத்தைந்து வருஷம் பாசி வழித்தவருக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று தேசப்பன் வெட்கப்பட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வயிற்றைத் திறக்கவில்லை. தொடை இடுக்கில் மட்டும் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, இரண்டு அங்குலம் கீறினார்கள். அதன் வழியாக மெல்லிய ரப்பர்க் குழல் ஒன்றை உள்ளே செலுத்தினார்கள். நுனியில் பட்டாணி அளவு பலூன். அடைப்பைத் தாண்டிப் போனதும் பலூனை ஊதி, அப்படியே பின்னுக்கு இழுத்தால் அடைத்திருந்தது கூடவே வரும். தேசப்பன் முழித்துக்கொண்டுதான் இருந்தார். தட்டில் விழுந்ததை டாக்டர் காட்டினார். கருஞ்சிவப்பில் ஒரு சாண் நீளம்.

“விலாங்குக் குட்டி மாதிரி கீது சார்” என்றார் தேசப்பன், பலவீனமாக.

வார்டுக்குக் கொண்டுவந்து போட்ட அரை மணியில் கூச்சல் கிளம்பியது. செத்துக் கிடந்த காலில் ரத்தம் திரும்பப் பாய்ந்தால் நெருப்பை ஊற்றினாற்போல் எரியுமாம். தேசப்பன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, “நைனா! யம்மா! செத்தேன்! அடப்பாவி டாக்டரு!” என்று கட்டடம் அதிரக் கத்தினார். கெளுத்தி முள்ளும் அப்போதுதான் நினைவு வந்ததுபோல் தன் பங்குக்குக் குத்தத் தொடங்கியது. வராண்டாவிலிருந்து இருசம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

“கத்தட்டும்மா. கத்தினாத்தான் கால் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.”

இருசம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். “கத்துய்யா. நல்லா கத்து. இன்னும் சத்தமா” என்று புருஷன் தலையைத் தடவிக்கொடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் இந்தப் பெண்பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கால் தப்பியது. கறுத்த சுண்டுவிரல் தப்பவில்லை, அதை எடுத்துவிட்டார்கள். இருபது நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தேசப்பனுக்கு ஒரு குறைதான். இத்தனை பெரிய கண்டத்துக்கு இரண்டே அங்குலத் தழும்பு, அதுவும் நாலு பேர் நடுவில் காட்ட முடியாத இடத்தில்! ஷாகுல் ஹமீது பாய் ஒருநாள் சும்மா இராமல், “இன்னா தேசப்பா, இந்தத் தபா காட்டலையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டார்.

மாத்திரை இப்போது இருசம்மாள் கையில் இருந்தது. கஞ்சிக்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லிப் போடுவாள். திறந்து காட்டச் சொல்லிச் சரிபார்ப்பாள். ராத்திரி படுக்கும்போது இரண்டு புறங்காலிலும் விரல் வைத்து நாடி பார்க்க மரியம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். தேசப்பன் மறுபடி கோல் பிடித்தார். முறை வந்த நாளில் தானே இறங்கிக் கழி ஊன்றினார்.

அடுத்த செக்கப் எண்பத்தைந்து பிப்ரவரியில். தேதியைப் பார்த்ததும் தேசப்பன் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். எப்படி எண்ணினாலும் அன்றைக்கு அவருடைய பாடு. இறால் ஓட்டம் உச்சத்தில் இருக்கிற மாதம் அது. அதைவிட்டால் அந்த வருஷம் அப்படி ஒரு பாடு வராது. பச்சைமுத்துவின் படகின் அடிப்பலகையில் இறால் குவிந்து கிடப்பது அவர் கண் முன்னால் வந்து நின்றது.

தேதியை மாற்றிக் கேட்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் ஒருதரம் தள்ளிப்போட்டவன் இரண்டாம்தரமும் தள்ளிப்போடுவான் என்று அவருக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்துவிட்டது. இருசம்மாள் அந்த வாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை; பாத்திரங்கள் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசின. முந்தின நாள் சாயங்காலம் தேசப்பனே சொன்னார்:

“காலைல மொதல் படகுக்கே போய்டலாம்மே. அப்பத்தான் பஸ்ஸு கெடைக்கும்.”

சொல்லிவிட்டு வலைக் குவியலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இருட்டியதும் எழுந்து போய், பச்சைமுத்துவின் வீட்டு வாசலில் நின்று, “நாளைக்கு நான் வரல. ஆஸ்பத்திரிக்குப் போறேன். எறக்கிக்க” என்று சொல்லவும் செய்தார். பச்சைமுத்து வலையிலிருந்து தலையைத் தூக்கி, “உம்” என்றார்.

டாக்டர் இரண்டு காலையும் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஒரு இயந்திரத்தை வைத்து உள்ளே ஓடுகிற ரத்தத்தின் சத்தத்தைக் கேட்கவைத்தார். வலது காலிலிருந்து ‘உஷ், உஷ்’ என்று வந்தது. ஓடை வடிகிற சத்தம் என்றார் தேசப்பன். டாக்டர் ஒரு குறையும் இல்லை என்று சீட்டில் எழுதி, கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பினார். ரயிலில் இருசம்மாள் வேர்க்கடலை வாங்கினாள். தேசப்பன் வாங்கிக்கொண்டு தின்றார். ஆனால் ஏரி நெருங்கியதும் மீதியை அவளிடமே கொடுத்துவிட்டார். தன் இடத்தில் இன்னொருவன் வலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமே!

சாயங்காலம் ஐந்து மணிக்குப் படகு ஓடைப் பக்கம் திரும்பியது. நீர் வடிந்து முடிகிற நேரம். தேசப்பன் எட்டிப் பார்த்தார். கழி இல்லை. வலை இல்லை. ஓடை வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. இருந்த இறாலெல்லாம் கடலுக்குப் போயிருக்கும். கரையோரம் பச்சைமுத்துவின் படகு. உள்ளே வலை சுருட்டினது சுருட்டினபடி காய்ந்து கிடந்தது. பச்சைமுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறார் என்று படகோட்டி சொன்னான்.

“இன்னாபா, எறக்கலையா? நான்தான் சொல்லிட்டுப் போனேனே” என்றார் தேசப்பன்.

“எறக்கல.”

“ஏன்? மொத தபா ரெண்டு பாடு எறக்கினியே?”

பச்சைமுத்து நிமிர்ந்து பார்த்தார். “அப்போ நீ திரும்பி வர மாட்டேன்னு நெனச்சேன். போனவன் எடம் யாருக்காச்சும் போய்த்தான தீரணும். இந்தத் தபா வந்துருவேன்னு தெரியும். வர்றவன் எடத்துல எப்டிய்யா எறக்கறது? வேற எவனும் எறக்கக் கூடாதுன்னுதான் குந்திக்கினு கீறேன்.” அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. பிறகு தேசப்பனின் காலைப் பார்த்து, “இன்னா சொன்னாரு டாக்டரு?” என்று கேட்டார்.

தேசப்பன் இந்தத் தடவை வேடிக்கை பேசவில்லை. படகை ஒட்டிப் பிடித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தப் படகுக்குத் தாண்டிப் போய்ப் பச்சைமுத்துவின் பக்கத்தில், காய்ந்த வலையின்மேல் உட்கார்ந்தார். வலது காலை நீட்டினார்.

“நீயே தொட்டுப் பாரு” என்றார்.

பச்சைமுத்து புறங்காலில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. “சூடாத்தான் கீது” என்றார்.